பெருநாள் காசு கூலியா, தர்மமா?

ரமளான் இரவின் பிற்பகுதியில் தாயிராவைத் தட்டிப் பைத்துப் பாடி, தெருத்தெருவாகச் சென்று ஸஹருக்கு எழுப்பும் பக்கீர்களைத் திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்துப் பெரியவர்கள் நன்கறிவர். மாதம் முழுதும் பாடியவர் பெருநாளன்று வாசலில் வந்து நிற்பார். வீட்டார் காசோ அரிசியோ கொடுத்தனுப்புவர். இது அவர் உழைத்துத் தேடிய பொருளா, இரந்து பெற்ற பொருளா? வினா சிறியதே, ஆயினும் நம் பித்ராவின் கணக்கு இதில் சிக்கியிருக்கிறது. அவர் கையில் இட்டதைப் பித்ராவிலேயே சேர்த்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. கூலியாயின் அது நாம் பட்ட கடன். கடனைத் தீர்த்த காசையே கடமையான தர்மமாகவும் எழுதிக்கொள்ள மார்க்கம் இடந்தராது.

இஜாரா என்னும் கூலி ஒப்பந்தத்தில் வேலையும் கூலியும் முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். தோல் பதனிடும் சாலைக்குச் செல்பவர் தம் கூலியை அறிந்தே செல்கிறார். பக்கீரையோ யாரும் அழைக்கவில்லை, தொகையும் பேசவில்லை. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில் இதற்கு நெருங்கிய மஸ்அலா ஒன்றுண்டு. கூலி பேசாமல் தையற்காரரிடம் துணி கொடுத்தோம், அவரும் தைத்துவிட்டார். கூலி உண்டா? இல்லை என்பதே ஷாபிஈ மத்ஹபில் வலுவான சொல். அத்தொழிலுக்கு அவர் பேர்பெற்றவராயின் உண்டு என்பது மற்றொரு சொல். தையற்காரரிடமாவது துணியை நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம். பக்கீர் விஷயத்தில் அதுவும் இல்லை. ஆகவே அவர் நம்மீது வழக்காட முடியாது.

ஹனபி நூல்களோ இவரையொத்தவரை நேராகவே பேசுகின்றன. ஸஹர் நேரத்தில் முரசு கொட்டி எழுப்புபவருக்குப் பித்ராவைக் கொடுக்கலாம். எழுப்புவது அவர்மீது கடமையன்று என்கின்றன. அத்தோடு நில்லாமல், முதலில் அன்பளிப்பாக ஏதேனும் கொடுத்துவிட்டுப் பின்னர் பித்ராத் தானியத்தை அளிப்பதே பேணுதல் என்றும் சேர்த்தனர். எத்துணை நுட்பம்! சட்டம் கூலியில்லை என்றபோதும், ஏதோ பாக்கியிருப்பதை அப்பெரியோர் உள்ளம் உணர்ந்திருக்கிறது.

நாட்டுச் சட்டம் இந்த நுட்பத்தைக் காணவில்லை. பம்பாய் மாநிலம் 1959-இல் இயற்றிய பிச்சைத் தடுப்புச் சட்டம், பாடியும் ஆடியும் பொதுவிடத்தில் காசு பெறுவதையும் பிச்சை என்றே வரையறுத்தது. டெல்லிக்கும் நீட்டப்பட்ட அச்சட்டத்தில் பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகளை 2018-இல் டெல்லி உயர்நீதிமன்றம் அங்கே செல்லாதவையாக்கியது.

விறகு சுமந்து விற்பது இரத்தலினும் மேல் என்னும் நபிமொழியைக் காட்டி, “பக்கீரும் போய் உழைக்கட்டும்” என்பாருளர். ஊர் உறங்கும் வேளையில் பனியில் நடந்து பாடுவது உழைப்பன்றி வேறென்ன? தாயிராவின் சலங்கை ஆகுமா என்னும் சர்ச்சையை ஈண்டு நான் எடுக்கவில்லை. ஹஜ்ஜுக்கு ஆர்வமூட்டும் பாடலையும் முரசையும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் அனுமதித்திருப்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இன்று கைபேசியே எழுப்பிவிடுகிறதே, பயனில்லாத பாட்டுக்குக் காசு எதற்கு என்று இளைஞர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். வேண்டாமெனில் ஷஅபானிலேயே ஜமாஅத்தார் அவரிடம் சொல்லிவிடலாம். முப்பது இரவு பாடவிட்டுப் பெருநாள் காலையில் கைபேசியைக் காட்டுவது முறையன்று. வேண்டுமெனில் தொகையை அப்போதே பேசிவிடலாம். பின்னர் தையற்காரர் மஸ்அலாவுக்கு வேலையிராது. அவர் ஏழையாயின் பித்ராவும் தனியே அவர் கைக்குப் போகும்.