ஊசியும் ஊதியமும்

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பெரியம்மை பரவியபொழுது, அம்மை குத்திக்கொள்ள மறுத்த ஜேக்கப்சன் என்னும் பாதிரியாருக்கு 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பொதுநலன் கருதி அவ்வாறு விதிக்க மாநிலத்திற்கு அதிகாரம் உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1905ஆம் ஆண்டில் தீர்ப்புரைத்தது. பள்ளி நாளில் குத்திய அம்மைத் தழும்பு நம் கையிலும் இருக்கிறது. எவரும் நம்மைக் கேட்டுக் குத்தவில்லை. அந்நோய் உலகினின்றும் ஒழிந்தது என்று 1980இல் அறிவித்தார்கள்.

எனினும், அன்றைய தண்டனை 5 டாலர்தான் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். அதைச் செலுத்திவிட்டுத் தம் கொள்கையோடு ஒருவர் வாழலாம். கொரோனாக் காலத்திலோ மறுத்தவர் பலர் வேலையை இழந்தனர். குடும்பத்தைத் தாங்கும் ஒருவரிடம் "ஊசியா, ஊதியமா?" என்று கேட்பது அவர்தம் விருப்பத்தைக் கேட்பது ஆகாது. தாமே முன்வந்து ஏற்பதே நோன்பு என்பதை நம் இல்லங்களில் எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே, கட்டாயத்தைத் தடுக்கும் சட்டம் கேட்டவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் அச்சட்டங்கள் எதுவரை சென்றன? டெக்சாஸ் மாநிலம் 2023இல் இயற்றிய சட்டம் தனியார் முதலாளிகளும் கொரோனா ஊசியை வற்புறுத்தலாகாது என்றது. மீறினால் 50,000 டாலர் தண்டம். மொன்டானா மாநிலம் 2021இலேயே இன்னும் தொலைவு சென்றது. கொரோனா ஊசி மட்டுமன்று, எந்தத் தடுப்பூசி போடாமையையும் காரணமாகக் காட்டி ஒருவருக்கு வேலை மறுப்பதை அது தடை செய்தது.

இங்குதான் நாம் தயங்கி நிற்கிறோம். கொரோனா ஊசி பெற்றவரும் தொற்றைப் பரப்பக்கூடும். அவ்வூசியின் பெரும்பயன் பெற்றவருக்கே. தட்டம்மை ஊசி அத்தகையதன்று. இரு தவணை பெற்றவர்களில் 100க்கு 97 பேரை அது காப்பதால், அவர்கள் வழியே நோய் பிறருக்குச் செல்வதும் அரிதாகிறது. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்தது பிழையென்றே கருதுகிறோம்.

உச்ச நீதிமன்றம் இதனினும் நிதானமாக நடந்தது. நூறும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள நிறுவனங்களில் ஊசி அல்லது வாரந்தோறும் சோதனை என்ற மத்திய அரசின் விதி, ஏறத்தாழ 8.4 கோடிப் பேரைத் தொட்டது. 2022 ஜனவரி 13 அன்று நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அதே நாளில், அரசு நிதி பெறும் மருத்துவமனைகளின் பணியாளருக்கான விதியை மட்டும் நடைமுறைக்கு வர விட்டது. (அவ்விதியும் 2023இல் விலக்கப்பட்டது.) கணக்கு எழுதுபவர் வேறு, நோயாளியைத் தொட்டுத் தூக்குபவர் வேறு.

அமெரிக்காவில் ஓராண்டு நிரம்பாத குழந்தைக்கு வழக்கமாகத் தட்டம்மை ஊசி இடுவதில்லை. மருத்துவமனையில் கிடக்கும் அச்சிசு தன்னைத் தூக்கும் செவிலியரைத் தேர்ந்தெடுக்க இயலாது. மறுக்கும் செவிலியரின் ஊதியத்தில் ஒரு காசும் குறையாமல் அவரை வேறு பிரிவுக்கு மாற்றும் விதி ஒன்று வருமானால், அதை நாம் மனமார ஏற்போம்.