பழகிய மூக்கு

தண்டையார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினதுமே டீசல் வாடை. குழாயடியில் குடம் வைத்திருந்த அக்காவிடம் கேட்டேன். "இன்னா வாடை? ஒண்ணியும் வர்லியே" என்றார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். எனக்கும் வரவில்லை.

*

'பழகிப்போச்சு' என்று மனசின் கணக்கில் எழுதிவிடுகிறோம். மூளைக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அதற்கு முன்பே, மூக்கின் மேல்தட்டில் இருக்கும் நரம்புச் செல் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. முதல் சில நொடிகளில் கால்சியம் உள்ளே புகுந்து சமிக்ஞையைத் தணிக்கும். வாடை விடாமல் அடித்தால், மணத்தைப் பிடிக்கும் ஏற்பியில் பீட்டா-அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டும். செல்லின் சவ்வு அந்த இடத்தில் குழிந்து, ஏற்பியோடு சிறு பையாகக் கழன்று உள்ளே போய்விடும். மேற்பரப்பில் ஏற்பிகள் குறையும். உள்ளே போனவற்றில் சில மறுபடி மேலே வரும், சில சிதைந்துபோகும்.

*

மேலே வருவதும் லேசுப்பட்ட காரியமில்லை. 1991-ல் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் மண ஏற்பிகளின் மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றை வேறு செல்களில் வைத்துச் சோதிக்க முயன்றவர்கள் திணறினார்கள். ஏற்பி உருவானது, ஆனால் துறைமுக ஜீரோ கேட்டில் பாஸ் இல்லாமல் நிற்கும் கன்டெய்னர் லாரி மாதிரி உள்ளேயே தேங்கிக் கிடந்தது. ஆர்டிபி1, ஆர்டிபி2 என்ற துணைப் புரதங்கள் கூட்டிக்கொண்டு போனால்தான் அது மேற்பரப்பை எட்டும் என்று 2004-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஹிரோஆகி மட்சுனாமியின் குழு காட்டியது. (பக்குக்கும் ஆக்சலுக்கும் நோபல் கிடைத்ததும் அதே வருஷம்தான்.)

*

2013-ல் தண்டையார்பேட்டைப் பக்கம் பூமிக்கடியில் போகும் எரிபொருள் குழாய் கசிந்து, போர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. அதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. காற்றில் கலப்பதற்கு அந்த வசதி இல்லை. அப்படியிருக்க, காலமெல்லாம் அங்கே குடியிருப்பவரிடம் போய் "வாடை வருதா?" என்று விசாரித்து, "இல்லை" என்று எழுதிக்கொள்வதெல்லாம் ஒரு ஆய்வா? கருவியை வைத்துப் பார்க்க வேண்டியதை மூக்கிடம் கேட்கிறோம், அதுவும் பழகிய மூக்கிடம்.

*

பாதாளச் சாக்கடைக் குழியில் கதை வேறு. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கையில் அழுகிய முட்டையாக நாறும். காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கை எட்டினால், சில நிமிடங்களில் வாடையே தெரியாது. இங்கே வாயுவே முகர்நரம்பை முடக்கிவிடுகிறது. பாதுகாப்பில்லாமல் குழியில் ஆள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதற்குப் பிறகும் இறக்குகிறார்கள். மூடியைத் திறந்துவிட்டுக் காத்திருந்து, "நாத்தம் போயிடுச்சு, எறங்கு" என்கிறார் மேலே நிற்பவர். நாற்றம் போய்விட்டதா, மூக்கு போய்விட்டதா என்று சொல்ல வாயு மீட்டரால் மட்டும்தான் முடியும்.