மணியின் பின்புறம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஜீவாத்ம தத்துவத்தை எம்பெருமான் கௌஸ்துபமணியின் வடிவிலே திருமார்பில் தரித்திருக்கிறான் என்று ஸ்ரீவிஷ்ணுபுராணம் காட்டுகிறது. ஆத்மா மணியாகில், ஸம்ஸாரத்தில் கிடக்கும் நம்மிடம் ஒளி தோன்றாதது ஏன்? இதற்கு மணி தீட்டும் தொழிலிலே ஒரு விடை உண்டு.

ஜெர்மனி தேசத்து இடார்-ஓபர்ஸ்டைன் என்னும் ஊர் பல நூற்றாண்டுகளாக இத்தொழிலுக்குப் பேர்பெற்றது. அப்பகுதியில் வாழ்ந்த கலைஞர் பெர்ன்ட் முன்ஸ்டைனர். பிரேசிலில் 1980களின் இறுதியில் அகப்பட்ட கடல்நீர் நிறக் கல்லொன்று கைதவறி விழுந்து உடைந்தது. அதன் பெருந்துண்டு அவர் கைக்கு வந்தது. அவர் உடனே வெட்டத் தொடங்கவில்லை. சுமார் 4 மாதங்கள் கல்லின் இயல்பை ஆராய்ந்தார். பின்பு 6 மாதங்கள் செதுக்கினார். சுமார் 35 சென்டிமீட்டர் உயரமும் 10,363 காரட் எடையும் கொண்ட அம்மணி, 'டோம் பெட்ரோ' என்னும் பெயரோடு இன்று வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அவர் அழகிய வெட்டுக்களை மணியின் பின்புறத்திலே இட்டார். முன்னே புகுந்த ஒளி அவற்றிலே பட்டு, காண்பவரை நோக்கித் திரும்புகிறது. அவர் ஒளியைச் சேர்க்கவில்லை. கல்லைக் கழித்து ஒளிக்கு வழி செய்தார்.

ஆசார்யன் செய்வதும் இதுவே. ஞானமும் ஆனந்தமும் ஆத்மாவுக்கு இயல்பு. புதிதாகச் சேர்க்க வேண்டுவதில்லை. சிஷ்யனின் நிலையறிந்து, பொறுத்திருந்து, அஹங்கார மமகாரங்களைக் கழிக்கிறான். உடைந்தவன் என்று ஒருவனையும் தள்ளுவதில்லை. பிறர் காணாத உட்புறத்திலே திருத்துகிறான். உலகம் காண்பது பலனை மாத்ரமே.

"கல்லுக்கு நோவில்லை; எனக்கு உண்டே" என்னில், அறிவுடைமையாலே வந்தது அது. கல் விலக்க அறியாது. சேதனன் விலக்க வல்லவன். ஆகையாலே விலக்காமை அவனிடமே எதிர்பார்க்கப்படுகிறது. ஆனால் அந்த விலக்காமையையும் உபாயமாக நினைக்கலாகாது. சக்கரத்தின்கீழ் அசையாது கிடந்ததைக் கல்லின் ஸாமர்த்யம் என்பார் உண்டோ?

இங்கே ஒரு வாசியும் உண்டு. கல்லை வெட்டினால் கல்லே குறையும். வெட்டிய துகள் மீளாது. ஆசார்யன் கழிப்பதாலோ ஆத்மாவுக்கு ஒரு குறையும் வாராது. கழிவது வந்தேறியான அழுக்கே. ஆகையால் ஆசார்யனோ பாகவதர்களோ நம் குற்றத்தை எடுத்துரைக்கும்போது மனம் சுருங்க வேண்டா. நாம் இழப்பது நம்முடையதன்று. எஞ்சும் மணியோ, திருமார்பிலே அணிய அவன் விரும்பியிருப்பது.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்