காதில்லாத ஊசி

காரைக்குடியில் எந்தத் தையல்கடைக்குப் போனாலும் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு சாக்குப்பை கிடக்கும். ரவிக்கை வெட்டியதில் மிஞ்சிய பிசிறு, பாவாடையின் ஓரத்தில் கத்தரித்த நாலு விரல் பட்டை, எதற்கும் காணாத முக்கோணத் துண்டுகள் எல்லாம் அதற்குள் போகும். கடைக்காரருக்கு அது ‘வேஸ்ட்டு’. கால்மிதி பின்னவும் தலையணைக்குள் திணிக்கவும் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. இப்போது பையும் பொம்மையும் தைக்கிறவர்களும் வருகிறார்கள்.

தமிழைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்கிறது. துணித்தல் என்றால் வெட்டுதல், அதிலிருந்துதான் துணி. தோளில் போடுவது துண்டு. சங்க காலத்தில் ஆடைக்கு அறுவை என்றும் பெயர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு புலவரே இருந்தார். (இன்றைக்கு அந்தச் சொல் ஆஸ்பத்திரிக்கும் சலிப்பூட்டும் பேச்சுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.) தறியிலிருந்து அறுத்து எடுத்த பிறகுதான் அது துணி. பெட்டியில் மடித்து வைத்த கண்டாங்கிச் சேலையும் அறுபட்டதுதான், சாக்குப்பைக்குள் கிடக்கும் பட்டையும் அறுபட்டதுதான். அப்படியானால் எது முழுசு, எது மிச்சம்?

காரைக்குடிக் கொப்புடையம்மனுக்குச் சாத்த எடுக்கும் சேலை கோடிச் சேலையாகத்தான் இருக்க வேண்டும். ஒருமுறை உடுத்தியது ஆகாது, கிழிசல் ஆகவே ஆகாது. நகரத்தார் வீடுகளில் முன்னோருக்குச் செய்யும் படைப்பிலும் புதுச் சேலை, புது வேட்டிதான். இரண்டு பக்கமும் கரை, தலைப்பில் முந்தி: முழுமைக்கு அதுவே சாட்சி.

ஆனால் அதே வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால் முதலில் சுற்றுவது பழந்துணியில். ஆயாவின் நைந்துபோன நூல்சேலைக்கு அன்றைக்குத்தான் மவுசு. கோடி உறுத்தும் என்பது ஒரு காரணம், கண்படும் என்பது இன்னொன்று. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு சாண் துணியை மஞ்சளில் நனைத்து, ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்தடியில் வைக்கிறார்கள். குழந்தையே இல்லையென்றால் கோயில் மரத்தில் பழஞ்சேலைக் கிழிசலால் ஒரு தொட்டில். தேர்த் திருவிழாவிலோ இன்னும் வேடிக்கை. உள்ளே சாமி மடி கலையாத பட்டில் இருக்க, வெளியே தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பையும் தோரணமும் முழுக்க வெட்டி ஒட்டித் தைத்த வேலை. யாளியும் தாமரையும் சிவப்பு, மஞ்சள், வெள்ளைத் துண்டுகளால் ஆனவை. நன்றி சொல்லப் போகும்போது முழுத்துணி. கெஞ்சப் போகும்போதும் கொண்டாடும்போதும் துண்டு. இதை யாரும் சாஸ்திரமாக எழுதி வைத்ததாகத் தெரியவில்லை, கைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

துண்டுத் துணிக்கு விலை என்ன என்ற கேள்வியைச் சைவம் ஒரு தராசில் வைத்தே பார்த்திருக்கிறது. சேக்கிழார் சொல்லும் அமர்நீதி நாயனார் பழையாறைக்காரர். பொன், மணியோடு பட்டும் விற்ற வணிகர். பிரமசாரி வேடத்தில் வந்த சிவன் அவரிடம் ஒரு கோவணத்தைக் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னார். அது மாயமாக மறைந்தது. ஈடாகத் தன் தண்டில் கட்டியிருந்த இன்னொரு கோவணத்தின் எடைக்கு எடை கேட்டார் பிரமசாரி. வணிகர் ஒரு தட்டில் துணிகளைக் குவித்தார், பொன்னைக் குவித்தார். கோவணம் கிடந்த தட்டு மேலே எழவில்லை. மனைவி, மகனோடு தானும் ஏறிய பிறகுதான் தராசு நேரானது. வட்டிக்கணக்கும் எடைக்கணக்கும் பிசகாத நகரத்தார் சமூகம் இந்தக் கதையை விரும்பிக் கேட்டு, அந்தக் கணக்கில் வந்த பணத்தைக் கோயில் திருப்பணிக்குக் கொட்டியது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

சாயத் தொட்டியிலும் இதே சைவம் கைவைத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் செய்த சிவஞான சித்தியாரில் வெளுப்பவரின் வேலை உவமையாக வருகிறது. அழுக்குத் துணியில் சாணியையும் உவர்மண்ணையும் ஏற்றித்தான் வெளுப்பவர் அழுக்கை எடுக்கிறார். அப்படித்தான் இறைவனும் உடல், மனம் என்ற மலங்களைச் சேர்த்து ஆணவ மலத்தைக் கழுவுகிறார் என்பது வாதம். நூலறையில் பிறந்த உவமை என்று இதைத் தள்ள முடியாது. பருத்தியில் வேர்ச்சாயம் ஏற்றியவர்கள் துணியைச் சாணிக் கரைசலில் ஊறவைத்து, வெயிலில் விரித்து, நீர் தெளித்து வெளுத்தார்கள். பிறகு துவர்ப்புக்குக் கடுக்காய், சாயம் பிடிக்கப் படிகாரம். இவை இல்லாமல் சாயவேரின் சிவப்பு நூலில் நிற்காது. மஞ்சள் மட்டும் விலக்கு. எதையும் கேட்காமல் ஒட்டிக்கொள்ளும், வெயில் பட்டால் சொல்லாமல் போய்விடும். வேண்டுதல் துணிக்கு அந்தச் சாயமே வாய்த்திருக்கிறது.

கொண்டுவிக்கப் பர்மாவுக்குப் போன நகரத்தார் செட்டியார்கள், முழுசா துண்டா என்ற கேள்விக்கு அங்கே இன்னொரு விடையைத் தினமும் தெருவில் பார்த்திருப்பார்கள். பௌத்தத் துறவியின் சீவரம் முழுத்துணியாக இருக்கலாகாது. துண்டுகளாக அறுத்துத்தான் தைக்க வேண்டும். மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் காட்டி அப்படித் தைக்கும்படி புத்தர் சொல்ல, ஆனந்தர் தைத்தார் என்கிறது துறவிகளின் விதிநூலான விநயம். வெட்டிய துணிக்குச் சந்தையில் விலை இல்லை. திருடனுக்கும் ஆசை வராது. இங்கே முழுமை புனிதம், அங்கே வெட்டியதே புனிதம். ரங்கூன் தண்டாயுதபாணிக்குப் பட்டுச் சாத்திவிட்டு வெளியே வந்தால் எதிரே ஒட்டுப்போட்ட காவி.

நகரத்தார் தங்கள் பூர்வீகமாகச் சொல்லும் காவிரிப்பூம்பட்டினம்தான் துறவியான பட்டினத்தாருக்கும் ஊர். வளர்ப்பு மகன் மருதவாணன் கடல்வாணிகம் போய் எருமூட்டையோடு திரும்புகிறான். தகப்பன் சினந்து பேச, ஒரு பெட்டியை விட்டுவிட்டு மறைந்துபோகிறான். திறந்தால் ஓர் ஓலை, காதொடிந்த ஓர் ஊசி. அந்த ஊசிகூடக் கடைசியில் உடன் வராது என்று படித்த வணிகர் அன்றே கோவணத்தோடு வெளியேறினார். தமிழில் ஊசிக்கு இவ்வளவு பெரிய வேலை வேறெங்கும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

கைவேலைக்காரர்கள் இப்போது வாங்கும் ஒருவகை ஊசிக்குப் பிறவியிலேயே காது கிடையாது. கம்பளி மயிரை நூலாக்காமல், தறியில் ஏற்றாமல், அப்படியே இறுக்கிப் பொம்மை செய்கிற ஊசி அது. பக்கவாட்டில் சின்னச் சின்ன முள் வெட்டு இருக்கும். திரும்பத் திரும்பக் குத்தக் குத்த, அந்த முள் மயிரை உள்ளே இழுக்க, மயிர் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப்படும். வெந்நீரும் சோப்பும் விட்டுப் பிசைந்தாலும், மயிரின் மேலுள்ள செதில்கள் ஒன்றையொன்று கவ்விக் கெட்டிப்படும். நூலே கிடையாது, அதனால் கோக்கக் காதும் வேண்டாம். காரைக்குடி வெயிலுக்குக் கம்பளியைத் தொட யாருக்கும் மனம் வராது என்பது உண்மை. ஆனாலும் பட்டினத்தாரைப் படித்தவர் கையில் இந்த ஊசி கிடைத்தால் கொஞ்சம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எதற்கும் உதவாததற்கு அடையாளமாக வைத்த பொருள் இங்கே பாடுபட்டுக்கொண்டிருக்கிறது.

கோயில் உண்டியல் எண்ணும் நாளில் நோட்டு தனி, சில்லறை தனி. வேண்டுதலாக வந்த மஞ்சள் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காசை எடுத்துக் கணக்கில் சேர்க்கிறார்கள். சில முடிச்சுகள் வருஷக்கணக்கில் இறுகிக் கத்தரிக்கோல் கேட்கும். காசை எடுத்த பிறகு, சாயம் வெளுத்த சாண் துணிகள் எண்ணுகிறவர்களின் முழங்காலடியில் குவிகின்றன.