யாருடைய பொறுமை?

சிக்னலில் பச்சை விழுந்து இரண்டு விநாடி ஆகியிருக்காது, பின்னாலிருந்து ஹாரன். திரும்பி முறைப்பீர்கள். அடுத்த சிக்னலில் நீங்களே அடிப்பீர்கள். நானும் அப்படித்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், பொறுமையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டவன். சர்ச் வாசலில் வண்டியை எடுக்கும்போதே அதெல்லாம் காலி!

ஆனால், இது சில்லறைக் கணக்கு. பெரிய கணக்கை எனக்குக் காட்டியவர், திருச்சுழிப் பக்கம் களையெடுக்கிற ஒரு பாட்டி.

ரமணர் 1879-ல் பிறந்த ஊர் என்றால் திருச்சுழி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அருப்புக்கோட்டையிலிருந்து அங்கே போகும் வழியெல்லாம் மானாவாரி நிலம். சீமைக்கருவேலம் விட்டுவைத்த இடங்களில் சோளம், கம்பு, உளுந்து, பருத்தி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் எல்லாமே. எங்களுக்கும் அங்கே கொஞ்சம் புஞ்சை உண்டு.

அந்த மண்ணில் காத்திருப்பது என்றால் கைகட்டி உட்கார்ந்திருப்பது இல்லை. கோடை மழையிலேயே ஓர் உழவு போட்டு வைப்பார்கள். பருவமழைக்கு முன்னால், காய்ந்த மண்ணிலேயே விதைப்பதும் உண்டு. புழுதி விதைப்பு என்று பெயர். அப்படி விதைக்கும் சோளத்தை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போடச் சொல்கிறார்கள் வேளாண்மை படித்தவர்கள். மேலாகப் போட்டால் முதல் தூறலுக்கே முளைத்து, அடுத்த வெயிலில் கருகிவிடும். ஆழத்தில் கிடந்தால் நல்ல மழை இறங்கிய பிறகுதான் முளைக்கும்.

பைபிளில், யாக்கோபு நிருபத்தின் 5-ம் அதிகாரத்தில் இதே விவசாயி வருகிறார். முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் அவரைப் போல நீங்களும் பொறுமையாக இருங்கள் என்கிறார் யாக்கோபு. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

ஒரு வருஷம், களையெடுத்தவர்களுக்குக் கூலி பாக்கி. சென்னையிலிருந்து அனுப்ப வேண்டியவன் நான். பணம் இல்லாமல் இல்லை. மாசக் கடைசியில் சேர்த்து அனுப்பிக்கொள்ளலாம் என்ற அலட்சியம். மூன்று வாரம் கழித்து ஊருக்குப் போனேன். பாட்டி வந்து கேட்டார்.

“கொஞ்சம் பொறுமையா இருங்க பாட்டி, வந்துரும்” என்றேன்.

அவரும் சர்ச்சுக்குப் போகிறவர்தான். கோபப்படவில்லை. “மழை யாரு கையிலயும் இல்ல, பொறுத்துக்கிடுறோம். கூலி ஒங்க கையிலதான தம்பி இருக்கு?”

சுருக்கென்றது. அன்றிரவு அதே 5-ம் அதிகாரத்தைத் திரும்ப எடுத்தேன். விவசாயிக்கு மூன்று வசனம் முன்னால், வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்ட பணக்காரர்களுக்குச் சாட்டையடி! அந்தக் கூலியே கூக்குரல் போடுகிறதாம். எத்தனையோ முறை வாசித்த அதிகாரம். அந்த வசனம் மட்டும் என் கண்ணில் நின்றதே இல்லை.

விடிந்ததும் முதல் வேலையாகக் கூலியைக் கொடுத்தேன்.

நான் பி.காம். படித்தவன். கணக்காகச் சொன்னால்தான் மண்டையில் ஏறும். நான் காத்திருந்தால் அது என் செலவு. அடுத்தவரைக் காக்கவைத்தால் அது என் வரவு. பாட்டியின் பணத்தை மூன்று வாரம் வட்டியில்லாக் கடனாக வைத்துக்கொண்டு, அவருக்கே பொறுமையையும் போதித்திருக்கிறேன்!

உங்கள் வீட்டிலும் கொஞ்சம் பாருங்கள். வேலை செய்யும் அம்மா கேட்ட சம்பள உயர்வு, வீட்டைக் காலி செய்தவருக்குத் தர வேண்டிய அட்வான்ஸ், தங்கைக்கு இன்னும் எழுதித் தராத பங்கு... “பொறுமையா இரு” என்று யார் யாரிடம் சொல்கிறோம்? பெரும்பாலும் கொடுக்க வேண்டியவர், வாங்க வேண்டியவரிடம்.

அப்படியானால் பொறுமையே வேண்டாமா? வேண்டும். மழைக்கு வேண்டும். நோய் ஆற வேண்டும். பிள்ளைக்குக் கணக்கு ஏற வேண்டும். அதற்கெல்லாம் பொறுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால், பொறுமை என்றால் வாயை மூடிக்கொள்வது அல்ல. அதே அதிகாரத்தில் பொறுமைக்கு உதாரணமாக வருகிற யோபு, தான் பிறந்த நாளையே சபித்தவர். கடவுளிடமே நியாயம் கேட்டவர். கேட்டாரே தவிர, கடவுளை விட்டுப் போய்விடவில்லை. பாட்டியும் அப்படித்தான். என்னிடம் கேட்டார். பகையாக்கிக்கொள்ளவில்லை.

அடுத்த முறை யாரிடமாவது “கொஞ்சம் பொறுங்க” என்று சொல்ல வாயெடுத்தால், ஒரு விநாடி யோசியுங்கள். வர வேண்டியது மழையா, உங்கள் பர்ஸிலிருந்து பணமா?

மழை என்றால், அவரோடு சேர்ந்து காத்திருங்கள். பணம் என்றால், இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.