கடனா, கொடையா? படைவீரர் இயலாமை ஓய்வூதியம் குறித்த அறவியல் நோக்கு

முன்னுரை

போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் எழுப்புவதும், அவன் குடிக்கு நிலம் அளிப்பதும் தமிழ் மண்ணின் பழைய வழக்கங்கள். உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி ஆகிய கல்வெட்டுச் சொற்கள் இதற்குச் சான்றாகின்றன. மாண்டவனுக்குச் செய்ய வேண்டியது எது என்பதில் சமூகத்திற்கு ஐயம் எழுவதில்லை. உறுப்பையோ உடல்நலத்தையோ இழந்து உயிருடன் திரும்பியவனுக்குச் செய்ய வேண்டியது எது என்னும் வினா அத்துணை எளியதன்று. அவனது இழப்பு அளக்கப்படுகிறது. அதன் காரணம் ஆராயப்படுகிறது. சில வேளைகளில் மறுக்கவும்படுகிறது. இந்தியப் படைவீரர்க்குரிய இயலாமை ஓய்வூதியத்தை முன்வைத்து, அது அரசின் கொடையா, கடனா என்னும் அறவியல் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

உரிமையின் வரையறை

படைப்பணியின்போது இயலாமைக்கு ஆளான ஒருவர் ஓய்வூதியம் பெற இரண்டு வரம்புகள் முதன்மையானவை. இயலாமையின் அளவு குறைந்தது 20 விழுக்காடாக மதிப்பிடப்பட வேண்டும். அது படைப்பணியால் விளைந்ததாகவோ படைப்பணியால் மிகுந்ததாகவோ இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் முடிவு செய்வது படையின் மருத்துவக் குழு.

முதல் வரம்பு அளவைப் பற்றியது. இரண்டாவது வரம்பு காரண காரியத் தொடர்பைப் பற்றியது. சிக்கல் முளைப்பது இங்கேதான். குண்டடி பட்ட காயத்தின் காரணம் கண்கூடு. வலிப்பு, குருதிக் கொதிப்பு, நீரிழிவு, மனநோய் போன்றவற்றின் காரணத்தை அவ்வாறு விரல் நீட்டிச் சுட்டவியலாது. உறக்கமற்ற காவல், பனிமலையின் குளிர், ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்திருத்தல் ஆகியவை உடலில் எழுதும் எழுத்து மெல்லியது. 'உடலமைப்பு சார்ந்தது' என்னும் ஒரு தொடரை மருத்துவக் குழு எழுதிவிட்டால், உரிமை அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஐயத்தின் பயன் யாருக்கு?

இவ்வினாவுக்கு விடை தந்த தீர்ப்புகளுள் தலையாயது, தரம்வீர் சிங் எதிர் இந்திய ஒன்றியம் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் வழங்கியது. சைகைத் தொடர்புப் பிரிவில் 1985-இல் சேர்ந்த அவ்வீரர், வலிப்பு நோயால் 20 விழுக்காடு இயலாமையுற்று 1994-இல் விடுவிக்கப்பட்டார். நோய் உடலமைப்பு சார்ந்தது எனக் கூறி ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. படையில் சேர்ந்தபோது அவரிடம் நோய் இருந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. அவ்வாறாயின் அவர் நலமுடன் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். நோய் பணியால் வந்ததன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது. ஐயம் எழுமிடத்து அதன் பயன் வீரருக்கே உரியது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இக்கொள்கை நீதிமன்றம் புதிதாகப் படைத்ததன்று. 1982-ஆம் ஆண்டு விதிகளிலேயே அது இடம்பெற்றிருந்தது. விதி ஏட்டில் இருந்தும், அதன் பயனைப் பெற ஒருவருக்கு 19 ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதே இங்கு எண்ணத்தக்கது.

மெய்ப்பிக்கும் பொறுப்பை அரசின்மேல் வைப்பது வெறும் சட்ட நுட்பமன்று. அதற்கு அறவியல் அடிப்படை உண்டு. வீரனைத் தேர்ந்தெடுக்குமுன் அவன் உடலைச் சோதிப்பது அரசு. அவன் எங்கே இருக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என முடிவு செய்வது அரசு. மருத்துவ ஏடுகளும் அதன் கையிலேயே உள்ளன. ஏற்காத பணியை உதறிச் செல்லும் உரிமை பிற தொழிலாளிக்கு உண்டு, படைவீரனுக்கு இல்லை. தன் உடலின்மேல் தானே முடிவெடுக்கும் உரிமையை ஒருவன் ஒப்படைத்த பின்னர், அவ்வுடலுக்கு நேர்ந்ததை அவனே மெய்ப்பிக்க வேண்டும் என்பது முறையாகாது. எனவே இயலாமை ஓய்வூதியம் ஈகையின்பாற்படாது, கடனின்பாற்படும். ஈகையில் கொடுப்பவன் விருப்பமே அளவு. கடனில் பெறுபவன் இழப்பே அளவு.

நன்றியும் நடுவுநிலையும்

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது புறந்தள்ளத்தக்கதன்று. அமைதிப் பகுதிகளில் பணியாற்றி, வாழ்க்கைமுறை நோய்களுடன் ஓய்வு பெறுவோரும் இவ்வூதியம் பெறுகின்றனர் என்பது அவ்வாதம். இயலாமை ஓய்வூதியம் பெறுவோரின் விழுக்காடு பிற படிநிலையினரிடத்தைவிட அதிகாரிகளிடத்து மிகுதி என்பதைத் தலைமைத் தணிக்கையர் அறிக்கையும் 2023-இல் சுட்டியது. அவ்வாண்டு செப்டம்பரில் புதிய தகுதி விதிகள் நடைமுறைக்கு வந்தன. தவறான பயன்பாட்டைத் தடுப்பதற்கே இவை என்றது அரசு. உண்மையான உரிமைகளும் நெருக்கப்படும் என அஞ்சினர் முன்னாள் வீரர்.

செய்ந்நன்றியறிதலை அடுத்து நடுவுநிலைமையை வள்ளுவர் வைத்தது இவண் கருதத்தக்கது. நன்றியுணர்வால் நடுவுநிலை சிதைதல் கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதற்காகவே இவ்வைப்பு முறை எனப் பரிமேலழகர் காரணம் காட்டுவார். வீரன் என்பதனாலேயே எல்லாக் கோரிக்கையும் ஏற்கப்பட வேண்டும் என்பது நன்றியாகலாம், நடுவுநிலையாகாது. ஆயினும் நடுவுநிலை என்பது இருபுறமும் ஒக்க நிற்பது. சிலர் தவறாகப் பெற்றனர் என்பதற்காக அனைவரையும் ஐயத்துடன் நோக்குவதும் கோணலே. ஒவ்வொரு நோயையும் அதனதன் காரணத்தோடு ஆராய்ந்து, மறுப்பதாயின் ஏன் மறுக்கப்படுகிறது என எழுதுவதே இரண்டிற்கும் பொதுவான வழி. காரணம் கூறாத மருத்துவக் கருத்து போதாது என்பதையும், அமைதிப் பகுதியில் தோன்றியது என்னும் ஒன்றே மறுப்புக்கு அடிப்படையாகாது என்பதையும் தில்லி உயர் நீதிமன்றம் 2025-இல் வலியுறுத்தியது.

அளவிலும் இதே சிக்கல் உண்டு. முழு இயலாமைக்குரிய இயலாமைக் கூறு, இறுதி ஊதியத்தின் 30 விழுக்காடு என்னும் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. ஒரே அளவு இழப்புக்குப் படிநிலைக்கேற்ப வெவ்வேறு தொகை கிடைக்கிறது. ஏழாவது ஊதியக் குழு 2015-இல் படிநிலைத் தொகுதிக்கு ஒரு நிலையான தொகையைப் பரிந்துரைத்தது. படைகள் எதிர்த்தமையால் விழுக்காட்டு முறையே நிலைத்தது. இழந்த வருவாய்க்கு ஈடு என்றால் விழுக்காடு பொருந்தும்; இழந்த உறுப்புக்கு ஈடு என்றால் பொருந்தாது. இத்தொகை எதற்கு ஈடு என்பது இன்னும் தெளிவாக வரையறுக்கப்படவில்லை.

விளிம்பில் நிற்போர்

பயிற்சிக் கழகங்களில் காயமுற்று, ஆணை பெறுமுன்னே விலக்கப்பட்ட அதிகாரிப் பயிற்சியாளரின் நிலை மேலும் இரங்கத்தக்கது. அவர்கள் முன்னாள் படைவீரராகக் கருதப்படாமையால் அவ்வுரிமைகள் அவர்களை எட்டவில்லை. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தாமாகவே இதனைக் கையிலெடுத்தது. முன்னாள் வீரர் மருத்துவத் திட்டத்தில் அவர்களைச் சேர்க்க அரசு முடிவு செய்தது. ஆணைக்குக் கட்டுப்பட்டு உடலை இடருக்கு உட்படுத்தியது அறத்தின் பார்வையில் முதன்மையாயின், தோளில் விண்மீன் ஏறிய நாள் அதன் எல்லையாகாது.

சீர்திருத்தத்தின் திசை

ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, 2009 முதல் செயற்படுகிறது. வழக்குகளைக் குறைக்கும் வழிகளை ஆராயப் பாதுகாப்பு அமைச்சகம் 2015-இல் வல்லுநர் குழு ஒன்றையும் அமைத்தது. இருந்தும், தீர்ந்துபோன சட்ட வினாக்களே புதிய பெயர்களில் நீதிமன்றம் ஏறுகின்றன. ஒருவர் பெற்ற தீர்ப்பு, ஒத்த நிலையிலுள்ள மற்றவர்க்கு வழக்கின்றிக் கிடைப்பதில்லை. வழக்காடும் வலிமையுடையவரே உரிமை பெறுவர் என்றால், அது உரிமையாகாது.

இந்நிலையில் நான்கு திருத்தங்கள் இன்றியமையாதன. மறுக்கும் மருத்துவக் குழு தன் காரணத்தை நோயாளிக்கு விளங்கும் மொழியில் எழுதித் தர வேண்டும். மேல்முறையீட்டு மருத்துவக் குழுவில் படை சாராத வல்லுநர் இடம்பெற வேண்டும். கடன்பட்டவரே கணக்கரும் நடுவருமாதல் முறையன்று. உச்ச நீதிமன்றம் முடிவு செய்த கொள்கை ஒத்தவர் அனைவர்க்கும் விண்ணப்பமின்றிப் பொருந்த வேண்டும். கோரிக்கைக்கு விடை தரக் கால வரம்பும், அது கடந்தால் வட்டியும் வேண்டும்.

முடிவுரை

புறநானூற்றின் 281-ஆம் பாடலில், புண்பட்டவனைக் காக்க மனையில் வேப்பிலை செருகி, ஐயவி தூவி, காஞ்சி பாடி, நறும்புகை எழுப்புகின்றனர் மகளிர். அங்கே காவல் முழுதும் வீட்டாரின் தோளில். நெடுநல்வாடையின் இறுதியிலோ, நள்ளிரவில் துயிலாத வேந்தன் வாடைக்காற்றினூடே தானே பாசறைக்கு வருகிறான். புண்பட்டவரை ஒருவன் முறைமுறையே காட்ட, ஒவ்வொருவரையும் காண்கிறான். புண்பட்டவன் வேந்தனைத் தேடி அலையவில்லை. தன் புண் போரில் பட்டதென்று மெய்ப்பிக்கவுமில்லை. முடியாட்சிக் காலத்துப் புலவன் வேந்தனிடம் எதிர்பார்த்த இச்செயலை, குடியாட்சியின் குடிமகன் தன் அரசிடம் எதிர்பார்ப்பது மிகையாகாது. மருத்துவ ஏட்டில் எழுதப்படும் ஒரு தொடர் ஒரு குடும்பத்தின் இருபது ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. அதனை எழுதும் கை, கடனைத் திருப்பும் கை என்னும் உணர்வோடு எழுதுதலே அறம்.