நாவின் இன்பமும் அண்டை நிலமும்

அருகில் விளைந்ததை வாங்கி உண்பதில் கிடைக்கும் இன்பம் அறத்தோடு சேர்ந்ததா, வெறும் நாவோடு முடிவதா என்பது மெய்யியலில் தீராத கேள்வி. அண்டை நிலத்தை ஆதரிக்கச் சொன்ன பெரியோரே நாவை அடக்கவும் சொன்னதால் சிக்கல் கூடுகிறது.

காந்தி 1916 பிப்ரவரி 14 அன்று சென்னையில் கிறித்தவ மறைப்பணியாளர் மாநாட்டில் சுதேசியை விளக்கினார். தொலைவில் உள்ளதை விடுத்து, உடனடிச் சுற்றுப்புறத்தைப் பயன்படுத்தி அதற்கே தொண்டு செய்யும் மனப்பாங்கு என்பது அவர் வகுத்த இலக்கணம். சமயம், அரசியல், பொருளியல் மூன்றுக்கும் அதைப் பொருத்தினார். அண்டை அயலாருக்குத் தொழில் சரிவரத் தெரியாவிட்டால் கற்றுக்கொடுப்பதும் வாங்குபவரின் கடமை என்றார். அவருடைய ஆசிரமத்தின் 11 விரதங்களில் சுதேசியும் ஒன்று. சுவைக்காக உண்ணாமை என்னும் அஸ்வாதமும் ஒன்று. உணவு மருந்தைப்போல, உடலைக் காக்கும் அளவுக்கு மட்டும். அப்படியானால் பக்கத்துத் தோட்டத்துக் கத்தரிக்காயை வாங்குவது கடமை, அதை ருசித்து மகிழ்வது விரத பங்கம்.

எபிக்கூரஸ் எதிர்த் திசையிலிருந்து வருகிறார். ஏதென்ஸில் ஒரு தோட்டத்தில் பள்ளி நடத்திய இந்தக் கிரேக்கர் இன்பமே நன்மை என்றவர். பெருந்தீனிக்காரர் என்று அவருக்கு ஒட்டிய பெயர் அநியாயமானது. பசித்தவருக்கு ரொட்டியும் தண்ணீருமே உச்ச இன்பம் என்றுதான் அவர் எழுதினார். எளிதில் கிடைப்பதில் மகிழப் பழகியவர் கிடைக்காததற்கு ஏங்கித் தவிப்பதில்லை.

அருகில் விளைந்ததன் இன்பத்துக்குப் பௌதிக அடிப்படையும் உண்டு. பறித்த நேரத்திலிருந்தே இனிப்புச் சோளத்தின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. நெடுந்தூரம் போகும் தக்காளி பெரும்பாலும் பழுக்குமுன்பே பறிக்கப்படுகிறது. கீரை ஒரு பகல் வெயிலையும் தாங்காது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, இடைத்தரகரை விலக்கி, விளைவித்தவரையும் சமைப்பவரையும் நேருக்கு நேர் நிறுத்தியது. எப்போது பறித்தது என்று விளைவித்தவரிடமே கேட்கலாம். மறுநாளும் அதே முகத்தைப் பார்க்க வேண்டியிருப்பதால் பதிலில் பொய்க்கு இடம் குறைவு. அஸ்வாதத்தின் குறையும் இங்கேதான் தெரிகிறது. கத்தரிக்காய் கசக்கிறது என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டும். ருசியைத் துறந்தவர் அண்டை உழவருக்கு எதைச் சொல்லித் திருத்துவார்? காந்தியின் ஒரு விரதம் நிறைவேற இன்னொன்று கொஞ்சம் தளரத்தான் வேண்டும்.

அருகாமையின் எல்லை எது என்பது அடுத்த கேள்வி. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் தெய்வத்தோடு உணவையும் வைக்கிறது. குறிஞ்சிக்குத் தினை, மருதத்துக்கு நெல். ஆனால் எந்த நிலமும் மூடிக் கிடக்கவில்லை: நெய்தலின் உப்பு, உப்பு வணிகரான உமணரின் வண்டிகளில் உள்நாடெங்கும் போனது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனி பஞ்சாமிர்தத்துக்கு அந்த வட்டாரத்து விருப்பாச்சி மலைவாழை பேர்போனது. ஈரப்பதம் குறைந்த பழம் என்பதால் பிரசாதம் எளிதில் கெடுவதில்லை. அதே பஞ்சாமிர்தத்தில் பாலைவனத்துப் பேரீச்சையும் சேர்கிறது. முருகன் ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை.

உள்ளூர் உணவுக்காகச் சொல்லப்படும் வாதங்கள் எல்லாம் சம பலம் கொண்டவை அல்ல. உணவால் உண்டாகும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு சிறியது. பயிரிடுவதிலும் கால்நடை வளர்ப்பிலுமே பெரும்பகுதி எழுகிறது. நீதி பற்றிய வாதமும் அரைகுறையாகவே நிற்கிறது. சந்தையில் உழவர் எதிரே இருக்கிறார், அவர் வயலில் களையெடுத்த பெண் இருப்பதில்லை. அந்தப் பெண்ணுக்குக் கூலி குறைந்ததா என்பதை நாக்கு காட்டிக்கொடுக்காது. பறித்த நேரத்தைக் கேட்கும் வாங்குபவர் அந்தக் கூலியையும் கேட்க வேண்டும்.